பின் சீற்று மணி

சோளகக் காற்றுப் பிடித்துவிட்டால் மன்னார்ப் பள்ளிமுனையில் இரும்பு இரும்பாக இருக்காது. கேற்றுக் கொளுக்கி, சைக்கிள் றிம், கிணற்றுக் கப்பி எல்லாம் ஒரு மாதத்தில் பொருக்கு விடும். அப்படிப்பட்ட ஊரில் பத்திநாதன் ஒரு வொக்ஸ்வாகன் கொம்பி வானை முப்பது வருசத்துக்குக் கிட்ட ஓடவைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பைபர் படகு ஒட்டுகிறவர். கல்லில் அடிபட்டு வயிறு கிழிந்து கரைக்கு வரும் படகுகளுக்குப் பைபர் துணி வைத்து, பசை பூசி, காயவிட்டுத் தேய்த்துக் கொடுப்பது தொழில். வானில் உப்புக்காற்று தின்ற இடங்களையும் அதே பைபரால் ஒட்டியிருந்தார். தகரம் எங்கே முடிகிறது, படகு எங்கே தொடங்குகிறது என்று இப்போது அவருக்கே தெரியாது.

"இது வான் இல்லை, வள்ளம். கடலில தள்ளி விட்டாலும் ஓடும்" என்பான் மகன் சுஜீவன்.

பகிடி விட்டாலும் அந்த வானால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பைபர்த் தூசு பத்திநாதனின் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. இனி அந்த வேலைக்குப் போகவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வெள்ளையும் நீலமுமாகப் பூசி, பூச்சரம் கட்டி, பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றிப்போகிற கலியாண ஹயர் மட்டும்தான் மிச்சம். அதை ஓட்டுவது சுஜீவன். வான் போனால் அந்த வீட்டில் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாலாவது ஆள் மகள் ஜெனிஸ்ரா. அந்த வீட்டிலிருந்து முதன்முதல் கம்பஸ் வாசல் மிதித்தவள். பட்டம் வாங்கி வந்து, விண்ணப்பம் போட்டுப் போட்டு, கடைசியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறவள்.

கொழும்பிலிருந்து பழைய வாகனக்காரர் கழகம் ஒன்று மன்னாருக்கு வரப்போகிறது, கோட்டைக்குப் பக்கத்து வெளியில் வாகனங்களை நிறுத்திக் காட்டப்போகிறது, ஊர் வாகனங்களும் வரலாம் என்று செய்தி கொண்டுவந்தவன் சுஜீவன்தான். அங்கே பெயர் எடுத்தால் வெளிநாட்டுக்காரரை ஏற்றி இறக்குகிற ஹயர் வரும் என்பது அவன் கணக்கு. அதோடு நிற்கவில்லை. வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பாசல் வீட்டிலிருந்தே தரலாம் என்றும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். சமைக்கப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கழகம் வருகிற அன்று விடிய, பத்திநாதனின் மனைவி மெற்றில்டா குசினியில் நின்றாள். முதல் நாள் பின்னேரமே கணவாய் சுத்தம் பண்ணியதில் நகக்கண் எல்லாம் மை. நண்டை உடைத்து ஒரு சட்டி, பருப்பு ஒரு சட்டி, கத்தரிக்காய் ஒரு சட்டி. முற்றத்தில் ஆம்பிளைகள் இரண்டு பேரும் வானுக்கு மெழுகு தேய்த்தார்கள்.

"மெழுகு தேய்க்கிற கையால ஒராள் தேங்காய் துருவலாம்" என்றாள் ஜெனிஸ்ரா, வெளியே கேட்கத்தக்கதாக.

"நீதானே படிச்சனி. நீ துருவு" என்றான் சுஜீவன்.

"தேங்காய் துருவவோ படிச்சனான்?"

"அப்ப என்னத்துக்குப் படிச்சனி? வேலையுமில்லை, துருவலுமில்லை."

"இண்டைக்கு உங்களுக்குச் சிங்களம் கதைக்கப் படிச்சனான். நான் வராட்டி அங்க போய்க் கையைக் காலை ஆட்டித்தான் கதைக்கோணும் நீ."

"விடியக் காலத்தால தொடங்காதைங்கோ ரெண்டு பேரும்" என்றாள் மெற்றில்டா. அகப்பையால் நண்டுக் குழம்பு கொஞ்சம் எடுத்து மகளின் உள்ளங்கையில் விட்டாள். "உப்புக் காணுமோ பார். எனக்கு நாக்கும் களைச்சுப் போச்சு."

பத்திநாதன் சண்டையில் சேரவில்லை. ஓட்டுகிறவரின் தலைக்கு மேலே, கூரையில் பூட்டியிருந்த சின்ன வெண்கல மணியைத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துக்கொண்டிருந்தார். பழைய பஸ்களில் கொண்டக்டர் கயிறு இழுத்து அடிப்பாரே, அந்த மாதிரி மணி. ஆனால் கயிறு இல்லை. மணியிலிருந்து பின் கதவுவரை கூரை ஓரத்தில் வரிசையாகச் சின்ன வளையங்கள் மட்டும் இருந்தன. சின்ன வயதில் பிள்ளைகள் அவற்றில் பலூன் கட்டுவார்கள். இப்போது சுஜீவன் பூ கட்டுகிறான்.

"திரும்பி வரேக்க உப்புக்குளத்துக்குள்ளால விடாதை" என்றார் மகனிடம்.

"ஓமப்பா. ஒழுங்கை ஒடுக்கம், பெயின்ற் உரஞ்சும். இதை எனக்குப் பால்குடிக்கேக்கயே சொல்லித் தந்திட்டியள்."

கோட்டை வெளியில் காற்று மண்ணை வாரி இறைத்தது. அதற்குள் கொழும்பு வாகனங்கள் மினுங்கிக்கொண்டு நின்றன. ஆமை மாதிரி வொக்ஸ்வாகன்கள், கடுஞ்சிவப்பு மொறிஸ் மைனர், தரையில் வயிறு முட்டுகிற அளவுக்கு இறக்கிவிட்ட லான்சர், பின்பக்கம் முழுக்க ஸ்பீக்கர் அடுக்கிய டொல்பின் வான். ஒரு மினிக்குக் கூரையை வெட்டி எடுத்திருந்தார்கள். ஒரு கொம்பிக்குள் கட்டில், குளிர்ப்பெட்டி, தேநீர் போடுகிற அடுப்பு. அதன் சொந்தக்காரர் அந்த அடுப்பில் ஒருநாளும் தேநீர் போட்டதில்லையாம். பெருமையாகச் சொன்னார். இரண்டு பேர் தூரிகையால் சக்கரக் கம்பிகளுக்கிடையில் மண் தட்டிக்கொண்டிருந்தார்கள், குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி. மன்னார்க் கழுதைகள் நாலைந்து வந்து நின்று யோசித்தன. அதில் ஒன்று மொறிஸ் மைனரின் மட்கார்ட்டில் முதுகைத் தேய்க்கத் தொடங்க, சொந்தக்காரர் கத்திய கத்தில் கோட்டைப் புறாக்கள் கிளம்பின.

"கழுதைக்குத் தெரியுதே உது விலைகூடின வாகனமெண்டு" என்றான் சுஜீவன்.

கழகத்தின் வழக்கம் ஒன்று இருந்தது. காட்ட வந்த வாகனம் எதுவானாலும் எல்லாக் கதவும் திறந்திருக்க வேண்டும், இஞ்சின் மூடியும் தூக்கியிருக்க வேண்டும். ஊர்ச்சனம் யாரும் தலையை உள்ளே விட்டுப் பார்க்கலாம். இதைக் கேட்டதும் பத்திநாதனின் முகம் ஒரு மாதிரிப் போனது.

"முன் கதவு காணும். பின்னால திறந்தா மண் போகும்" என்றார்.

ஜெனிஸ்ரா அதைச் சிங்களத்தில் சொன்னாள். கழகச் செயலாளர், வெள்ளைத் தொப்பி போட்ட பெரிய மனிதர், சிரித்துக்கொண்டே தானே போய்ப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு சுற்றி வந்து வானின் விலாவில் விரலால் தட்டினார். டொக் என்றது. இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கேயும் டொக்.

"இதில் தகரம் எங்கே இருக்கிறது என்று உன் அப்பாவிடம் கேள்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஜெனிஸ்ரா கேட்டாள். சிரிப்பையும் சேர்த்து மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. பத்திநாதனின் காது மடல் சிவந்தது. வருசக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து ஒட்டின உடம்பை நாலு பேர் தட்டித் தட்டிச் சிரித்தால் யாருக்கும் சிவக்கும்தான். அவருக்குக் கட்டாயமாக ஏதாவது ஒன்று அசலாக இருக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் உள்ளே தலையை விட்டு, "இதென்ன மணி?" என்று கேட்டார்.

"அது கொம்பனி மணி. வரேக்கயே பூட்டி வந்தது" என்றார் பத்திநாதன்.

"கொம்பனி இல்லை. எங்கட வாப்பா பூட்டினது."

சொன்னது பக்கக் கதவடியில் நின்ற ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். கறுப்பு அபாயா, கையில் மடித்த குடை. கதவு திறந்ததிலிருந்து அங்கேயே நின்று கூரை வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை.

"ஆர் நீங்கள்?" என்றான் சுஜீவன்.

"ஸுஹறா. உப்புக்குளம். ஹயர் ஓடின ஜுனைதீனுடைய மகள். உங்கட அப்பாக்குத் தெரியும் வாப்பாவை."

பத்திநாதன் வானையே பார்த்தார்.

"நான் சும்மா பாத்திட்டுப் போகத்தான் வந்தனான்" என்றாள் ஸுஹறா. குரலை உயர்த்தவில்லை. "ஊருக்குத் திரும்பி வந்த நாளிலயிருந்து சந்தேகம். தூரத்தில கண்டிருக்கிறன், பூவெல்லாம் கட்டிப் போகும். எங்கட வான் பச்சை, இது நீலம். ஆற்றையோ வானைத் திறந்து காட்டச் சொல்லிக் கேக்க ஏலுமே? இண்டைக்குத் திறந்து கிடக்குமெண்டு சொன்னாங்க. வந்தனான். பாத்தனான். பேசாமப் போயிருப்பன். கொம்பனி எண்டு சொன்னீங்களே அண்ணன், அதுதான் கேட்டுக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சு."

"என்ன சொல்கிறார் அந்த அம்மா?" என்றார் செயலாளர்.

"சொல்லாதை பிள்ளை" என்றார் பத்திநாதன், மெதுவாக.

"எதைச் சொல்லாதை?"

"ஒண்டையும் சொல்லாதை. ஆரோ தெரியாத மனிசி எண்டு சொல்லு."

ஜெனிஸ்ராவுக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்க எரிச்சல் வந்தது. பரிதாபமும் வந்தது. பரிதாபம் வந்ததால் எரிச்சல் கூடியது. செயலாளரிடம் திரும்பி, இந்த மணியை இந்த அம்மாவின் தகப்பன் பூட்டினவராம் என்று சொன்னாள்.

செயலாளர் மகிழ்ந்துபோனார். எதற்காகப் பூட்டினார் என்று கேட்கச் சொன்னார்.

"பின்னால பொம்பிளையள்தான் இருப்பாங்க" என்றாள் ஸுஹறா. "கலியாண வீட்டுக்கு, மருந்துக்கு, பிள்ளைப்பேத்துக்கு எல்லாத்துக்கும் எங்கட வான்தான். முன்சீற்றுக்குப் பின்னால திரை. இஞ்சின் பின்னால கிடந்து கத்தும், எங்கட சத்தம் முன்னுக்குக் கேக்காது. கத்திக் கூப்பிடவும் கூச்சம். அதுக்குத்தான் வாப்பா உடைஞ்ச பஸ் ஒண்டில மணி வாங்கிப் பூட்டினவர். பஸ்ஸில மாதிரித்தான். ஒருக்கா இழுத்தா நிக்கோணும். ரெண்டு தரம் இழுத்தாத்தான் வெளிக்கிடலாம். இழுக்காம வெளிக்கிட மாட்டார் அந்த மனிசன். ஒருக்கா நாங்க இறங்கிக் கதைச்சுக்கொண்டு நிண்டிட்டம், வாப்பா முன்னுக்கு அப்படியே நித்திரை."

சனம் சிரித்தது. ஜெனிஸ்ரா சொல்லச் சொல்ல கொழும்புக்காரரும் சிரித்தார்கள்.

"கதை நல்லாத்தான் இருக்கு" என்றான் சுஜீவன். "ஆருக்கும் ஒரு மணியைப் பாத்துக் கதை சொல்லலாம் தானே?"

ஸுஹறா அவனைப் பார்க்காமல் பின்சீற்றைப் பார்த்தாள். "கடைசி வளையம் மேல இல்லை. சீற்றுக்குக் கீழ, இடப்பக்கம். உம்மாக்குத் தோள் பிசகினது, கையைத் தூக்க ஏலாது. அவவுக்காகத்தான் கயித்தைக் கீழ இறக்கினவர்."

"அங்க ஒரு வளையமும் இல்லை. எத்தினை தரம் கழுவினனான் நான்."

"இருக்கும்" என்றாள்.

எல்லோரும் பத்திநாதனைப் பார்த்தார்கள். அவர் இருமினார். இருமல் அடங்க நேரம் எடுத்தது. பிறகு சேட்டுப் பையிலிருந்து, பைபர் துணி வெட்டுகிற பிளேட்டை எடுத்துக்கொண்டு வானுக்குள் ஏறினார். குனிந்து, பின்சீற்றின் அடியில் தானே இழுத்துத் தைத்த நீல றெக்சினை ஒரு சாண் நீளத்துக்குக் கீறினார். துணி வாயைத் திறந்தது. உள்ளே பச்சைத் தகரம். அதில் ஒரு பித்தளை வளையம்.

அந்த வானில் மிஞ்சியிருந்த நல்ல தகரம் அந்த ஒரு சாண்தான் போல.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமோ?" என்றான் சுஜீவன்.

"கிடந்தது" என்றார் பத்திநாதன், உள்ளேயிருந்தபடி. "நாங்கள் இந்தியாவில இருந்து திரும்பி வரேக்க ஊரில ஆருமில்லை. உப்பளத்துப் பக்கம் பத்தைக்குள்ள கிடந்தது. சில்லுமில்லை, இஞ்சினுமில்லை. ஆடு குட்டி போட்டிருந்தது உள்ளுக்க. நான் எடுக்காட்டி இரும்புக்குப் போயிருக்கும்."

"எங்கட முத்தத்தில நிண்டது" என்றாள் ஸுஹறா.

"ஆர் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டாங்களோ, எனக்கென்ன தெரியும் தங்கச்சி? பத்தைக்குள்ளதான் கண்டனான்."

எந்த வருசம் விற்றார்கள் என்று கேள் என்றார் செயலாளர்.

ஜெனிஸ்ராவுக்கு அந்தக் கேள்வியை வாயில் வைத்திருக்கவே கூசியது. ஆனாலும் கேட்டாள்.

ஸுஹறா முதல்முறையாகச் சிரித்தாள். "வித்ததோ? தொண்ணூறாம் ஆண்டு வித்தனாங்கள், இயக்கம் முஸ்லிம் சனத்தை எழும்பிப் போகச் சொன்ன அண்டைக்கு. வாப்பா வான் திறப்பை மேசையில வைச்சிட்டு வந்தவர். வள்ளத்தில ஏறேக்க, 'கதவைப் பூட்டிட்டன், வானைப் பூட்ட மறந்திட்டன்' எண்டவர். புத்தளத்தில மவுத்தாகும்வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவர். அதை வித்தது எண்டு எழுதுறதெண்டா எழுதச் சொல்லுங்கோ."

விற்கவில்லை, துரத்தினார்கள் என்று ஜெனிஸ்ரா சொன்னாள். சிங்களத்தில் அந்தச் சொல் தமிழை விடச் சின்னதாக இருந்தது.

செயலாளரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "ஓ. யுத்த காலம்" என்றார். தலையை இரண்டு தரம் ஆட்டினார். பிறகு, அதெல்லாம் முடிந்த கதை, ஆனால் அருமையான கதை, மணியோடு இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுப்போம் என்றார். கமெராக்காரன் வந்தான். ஸுஹறாவை இந்தப் பக்கமும் பத்திநாதனை அந்தப் பக்கமும் நிறுத்தி, நெருங்கி நிற்கச் சொன்னான். அவர்கள் நெருங்கவில்லை. சிரிக்கச் சொன்னான். அதுவும் நடக்கவில்லை. "ஊர் வாகனங்களில் சிறந்தது" என்று பொன்னிறத்தில் எழுதிய ஒரு கேடயத்தைப் பத்திநாதனின் கையில் திணித்துவிட்டு எல்லோரும் அடுத்த வாகனத்துக்குப் போனார்கள். காலையிலிருந்து சுஜீவன் கும்பிட்டுக்கொண்டிருந்தது அந்தக் கேடயத்துக்காகத்தான். அது கைக்கு வந்து, வானுக்குள் போடப்பட்டு, உருண்டு சீற்றுக்கடியில் போனது. ஒருவரும் எடுக்கவில்லை.

மெற்றில்டா சாப்பாட்டுப் பாசல்களோடு ஓட்டோவில் வந்து இறங்கியபோது நடந்து முடிந்திருந்தது. வாழையிலைப் பாசல்களைக் கொழும்புக்காரருக்குக் கொடுத்து முடித்து, வெறும் பெட்டியில் குந்தி, நடந்ததை மகளின் வாயால் கேட்டாள். ஸுஹறா பெருக்குமர நிழலில் நின்றாள். போகவுமில்லை, கிட்ட வரவுமில்லை.

"இந்த மனிசிக்கு இப்ப என்ன வேணுமாம்?" என்றான் சுஜீவன். "இத்தினை வருசம் எங்க இருந்தவ? அப்பா நெஞ்சைக் குடுத்து ஒட்டின வான். சும்மா வந்து வளையத்தைக் காட்டினா ஆச்சே?"

"எங்க இருந்தவவெண்டு உனக்குத் தெரியாதோ? பேப்பர் வாசிக்கிறேல்லையோ?" என்றாள் ஜெனிஸ்ரா.

"உனக்கென்ன, நீ வாசிப்பாய். வான் போனா நான் என்னத்தை ஓடுறது? உன்ர பட்டத்தையோ?"

"வாயைப் பொத்துங்கோ" என்றாள் மெற்றில்டா. புருசனைப் பார்த்தாள். அவர் வானின் படியில் குந்தியிருந்து, கையில் ஒட்டியிருந்த பழைய பசையை உரித்துக்கொண்டிருந்தார். "நறுவிலிக்குளத்தில ஒரு கலியாணத்துக்குப் போனது ஞாபகமிருக்கோ? இதே வானிலதான் போனது. நீங்கள் பொம்பிளை மாப்பிள்ளையை இறக்கிப்போட்டு வெளியில நிண்டனீங்கள்."

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"அந்த வீட்டு வாசல்கதவு எங்கட கதவு."

பத்திநாதன் நிமிர்ந்தார்.

"எங்கட அப்பா முதிரையில செய்து தந்த கதவு. நாங்கள் மண்டபம் அகதிக் காம்பில கிடக்கேக்க நிலையோட கழட்டிக்கொண்டு போனாங்களே, அது. நடுவில இருந்த சிலுவையைச் சீவி எடுத்திருக்கிறாங்கள். சீவின இடம் பள்ளமாத் தெரியுது. நான் அதுக்கு எதிரில இருந்துதான் சோறு தின்னனான். இன்னும் கொஞ்சம் போடட்டோ அக்கா எண்டு கேட்டாள் அந்த வீட்டுக்காரி. போடு பிள்ளை எண்டனான்."

"ஏன் நீ எனக்குச் சொல்லேல்ல?"

"சொல்லி? நீங்கள் போய்க் கேட்டிருப்பியளோ? எந்த முகத்தோட?"

ஒரு கழுதை வந்து வெறும் பாசல் இலையை மென்றது.

"ஒரு சொல் சொன்னாக் காணுமெண்டு நினைக்காதைங்கோ" என்றாள் மெற்றில்டா. எழும்பி, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "எனக்கெண்டாக் காணாது. எனக்குச் சொல்லும் வேணும், கதவும் வேணும். இப்ப அவவைக் கொண்டுபோய் வீட்டில விடுங்கோ. வெயில் கொளுத்துது."

சுஜீவன் கூட்டாளி ஒருவனின் மோட்டச்சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். மெற்றில்டா சட்டிகளோடு ஓட்டோவில் போனாள். ஸுஹறா கூப்பிட்டதும் வந்தாள், மாட்டேன் என்று சொல்லவில்லை. முன்சீற்றைக் காட்டினார் பத்திநாதன். அவள் பக்கக் கதவால் ஏறிப் பின்சீற்றில், இடப்பக்கத்தில் இருந்தாள். ஜெனிஸ்ரா அவளுக்குப் பக்கத்தில்.

"கயிறு ஏதும் கிடக்கோ பிள்ளை?"

பூக் கட்டுகிற தங்கூசி நூல் உருளை சீற்றுக்கடியில் கிடந்தது. ஸுஹறா அதை வாங்கி மணியின் நாக்கில் முடிந்து, வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு பின்னால் வந்தாள். கூரையைப் பார்க்கவில்லை. கை தானாகப் போய்ப் போய் வளையத்தைக் கண்டுபிடித்தது. கடைசியில் கீறின றெக்சினுக்குள் கையை விட்டு, அந்தப் பித்தளை வளையத்தால் நூலை வாங்கி, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"அண்ணன், இதைச் சொல்லிப்போட்டுத்தான் மணி அடிப்பன்" என்றாள். "வானை வேண்டாமெண்டு நான் சொல்லேல்ல. தாங்கோ எண்டும் சொல்லேல்ல. நாளைக்கு என்ர மகனோட கதைப்பன்."

"எங்க நிப்பாட்டுறதெண்டு மணியில சொல்லுங்கோ. உப்புக்குளத்துக்குள்ள நான் வந்து கனகாலம். வீடு தெரியாது" என்றார் பத்திநாதன்.

"சரி."

அவள் இரண்டு தரம் இழுத்தாள். டிங், டிங். சத்தம் நினைத்ததை விடப் பெரிதாக இருந்தது. பத்திநாதனின் முதுகு ஒருமுறை உதறியது. வான் வெளிக்கிட்டது.

பெரிய றோட்டால் போய் உப்புக்குளத்துப் பக்கம் திரும்பினார். ஜெனிஸ்ராவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வான் திரும்பாத திருப்பம் அது. ஒழுங்கை ஒடுக்கம் என்றுதான் நம்பியிருந்தாள். அவ்வளவு ஒடுக்கமில்லை. இரண்டு ஓட்டோ தாராளமாக விலத்திப் போயின. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து சனம் வந்துகொண்டிருந்தது. பாதி கட்டி நிற்கிற வீடுகள், தகர வேலிகள், கிடுகு வேலிகள். எல்லாக் கேற்றும் ஒரே மாதிரித் துருப்பிடித்த கேற்று. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. ஸுஹறா நூலை விரலில் சுற்றியபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை இன்னும் அசையவில்லை.

வான் வேகம் குறைந்தது.

ஜெனிஸ்ரா அப்பாவின் காலைப் பார்த்தாள். பிறேக்கில் இருந்தது. முன்னால் குறுக்கே யாருமில்லை, கழுதைகூட இல்லை. வான் இழுபட்டு இழுபட்டுப் போய், ஒரு முருங்கை மரம் வேலிக்கு மேலால் எட்டிப்பார்க்கிற கேற்றுக்கு முன்னால், கேற்றின் நடுவுக்கு நேராக நின்றது.

அதற்குப் பிறகுதான் மணி அடித்தது. ஒரு தரம்.

ஸுஹறா நூலை விட்டாள். முன்னால் தெரிந்த பிடரியையே பார்த்தாள். அவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கேற்றைத் திறந்து உள்ளே போனாள். சாத்தவில்லை. முருங்கைக்குப் பக்கத்தில் ஒரு வான் நிற்கிற அளவுக்கு வெறும் நிலம் கிடந்தது. அதில் உடுப்புக் காயப்போட்டிருந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டாள்.

பத்திநாதன் இஞ்சினை நிற்பாட்டவில்லை. கியரில் கை. கண் நேரே றோட்டில். ஜுனைதீன் மாதிரியே, இரண்டு மணியடிக்காகக் காத்திருந்தார்.

நூலின் முடிச்சு ஜெனிஸ்ராவின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இழுத்தால் போய்விடலாம். வீட்டுக்குப் போகலாம். அப்பா இனிப் பைபர் பக்கமே போகத் தேவையில்லை. வருகிற மாதம் இரண்டு கலியாணம் இருக்கிறது. அதற்குப் பிறகும் இருக்கும், சனம் கட்டாமலா விடப்போகிறது. அவள் எழுதுகிற விண்ணப்பங்களில் ஏதாவது ஒன்றுக்குப் பதில் வரும்வரைக்கும் சோறு இருக்கும்.

"பிள்ளை" என்றார் பத்திநாதன், திரும்பாமல். "மணியை அடியன்."

"வீடு தெரியாதெண்டுதானே சொன்னீங்கள் அப்பா?"

அவர் கியரிலிருந்து கையை எடுத்தார்.

"மணி அடிக்க முதலே நிப்பாட்டிப்போட்டியள்."

இருமல் வந்தது. ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்து இருமி முடித்தார். பிறகு கை போய் இஞ்சின் திறப்பைத் திருப்பியது. பின்னால் இஞ்சின் அடங்கியது. அது அடங்கிய பிறகுதான் காற்று எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று கேட்டது.

கதவைத் திறந்து இறங்கினார். வானின் திறப்பு இஞ்சின் பூட்டிலேயே தொங்கியது. ஜெனிஸ்ரா பக்கக் கதவால் இறங்கி, அதைச் சாத்தப் போய், சாத்தாமல் விட்டாள்.

பள்ளிமுனைக்கு நடக்கலாம், பெரிய தூரமில்லை. எதிர்க்காற்று, அவ்வளவுதான்.